மச்சானுக்கு வைத்த டாங்கி

என் தங்கச்சி சுபைதாவைக் கட்டி, எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாய் வந்து, வந்த முதல் நாளே என் கதிரையில் ஏறி உட்கார்ந்த ஆதம்பாவா மச்சானே,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அடங்கியிருக்கிற மையவாடியின் மதிலைக் கடக்கிற நேரமெல்லாம் உழவு மெசினை மெதுவாக்கி உனக்கு ஸலாம் சொல்லிக்கொண்டுதான் போகிறேன். நீ பதில் சொன்னாயோ என்னவோ, என் மெசின் போடுகிற சத்தத்தில் எனக்குக் கேட்பதில்லை. இன்றைக்கு மெசினை நிறுத்திவிட்டேன். கொஞ்சம் ஆறுதலாகக் கதைப்போம்.

நான் சொல்லச் சொல்ல உன் மகள் ஜெஸீமாதான் எழுதுகிறாள். என் படிப்பு உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு வாப்பா என்னை இறக்கி மெசினில் ஏற்றிவிட்டார். ஆகவே இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது உன் வீட்டுப் பிழை. சொல்லுகிற விஷயத்தில் பிழை இருந்தாலும் உன் வீட்டுப் பிழைதான். மச்சான் என்றால் அப்படித்தான் கணக்குப் பார்ப்பது.

முதல் செய்தி. டாங்கி விஷயத்தில் நீ தோற்றுப்போனாய்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு விளங்காது, சொல்லிவிடுகிறேன். நீ மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்கண்டத்துக்கு வட்டவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எவன் வரம்பை வெட்டிக் களவாய்ப் பாய்ச்சினான் என்று பார்ப்பது உன் வேலை. அந்த வேலையோடு நின்றிருக்கலாம். நீர்ப்பாசனக் கந்தோரார் குளக்கட்டில் மூன்று மொழியில் ஒரு பலகை நட்டார்கள். தமிழில் குளம் என்று இருந்த இடத்தில் இங்கிலீசில் டாங்க் என்று இருந்தது. நீ எழுத்துக் கூட்டி வாசித்தாய். அன்றைக்குப் பிடித்தது உனக்கு.

அசர் தொழுதுவிட்டு நாம் வழக்கமாய் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் வந்து மேசையைத் தட்டினாய். "வெள்ளக்காரன் நம்மட தாங்கியத் தூக்கிக்கிட்டுப் போயிரிக்கான் மச்சான். வால மட்டும் அறுத்துப்போட்டான். தண்ணியத் தாங்குறது தாங்கி. தாங்கி, டாங்க். இதுக்கு மேல உனக்கு என்ன அத்தாட்சி வேணும்?"

"அப்ப உன்ட மோட்டர் சைக்கிள்ல பெற்றோல் ஊத்துற டாங்கியும் உன்ட வாப்பா செஞ்சதோ?" என்று கேட்டேன்.

"வாப்பா செஞ்சிருந்தா அது பெற்றோல் இல்லாமலே ஓடியிருக்கும்" என்றாய்.

அன்று தொடங்கிய வழக்கு, நீ மௌத்தாகிற வாரம்வரை ஓடியது. உண்மையில் அந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீ ஓம் என்றால் நான் இல்லை என்பேன், அவ்வளவுதான். மச்சானும் மச்சானும் ஒத்துப்போனால் ஊருக்குத் தேத்தண்ணிக் கடை எதற்கு?

இப்போது ஜெஸீமா தேடிப் பார்த்துவிட்டாள். பெரிய பெரிய அகராதிகளை எல்லாம் அவள் போனுக்குள் வைத்திருக்கிறாள். இங்கிலீசுக்காரன் அந்தச் சொல்லை இந்தியாவின் மேற்குக் கரையில், குஜராத்தி, மராட்டி கதைக்கிற ஆட்களிடம் பொறுக்கியிருக்கிறானாம். நிலத்துக்குள் தோண்டித் தண்ணீர் சேர்த்து வைக்கிற தொட்டிக்கு அங்கே அப்படியொரு பேர். போர்த்துக்கீசனிடமும் குளத்துக்குக் கிட்டத்தட்ட அதே சத்தத்தில் ஒரு சொல் இருந்திருக்கிறது. தேங்கி நிற்கிற தண்ணீரைச் சொல்லுகிற பழைய சொல்லில் இருந்து வந்ததாம் அது. இரண்டும் கலந்ததா, ஒன்றில் இருந்து மற்றது பிறந்ததா என்று அகராதிக்காரர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை. படித்தவர்களும் தேத்தண்ணிக் கடையில்தான் இருக்கிறார்கள் போல. உன் தாங்கியைப் பற்றி அதில் ஒருத்தனும் மூச்சு விடவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். அதை எழுதாதே என்றேன், வாப்பாவின் பக்கம் சாய்ந்து எழுதிவிட்டாள். அந்த மேற்குக் கரைச் சொல்லுக்கும் அடி, வடமொழித் தடாகமாக இருக்கலாமாம். தடாகம், மச்சான். நாம் சின்ன வகுப்பில் தாமரைப் படத்துக்குக் கீழே வாசித்த அதே தடாகம். ஆக, ஊர் சரி, வீடுதான் பிழை. பாதி வெற்றி என்று வைத்துக்கொள். அதற்கு மேல் கேட்காதே.

வேறொரு கதையும் இருக்கிறது. கேட்டால் கபுறுக்குள் எழும்பி உட்காருவாய். யுத்தத்துக்குப் போகிற இரும்பு வண்டிக்கு ஏன் அந்தப் பேர் என்று நானும் நீயும் எத்தனை நாள் மண்டையை உடைத்தோம்? முதலாம் உலக யுத்தத்தில் இங்கிலீசுக்காரன் அந்த வண்டியைக் கள்ளமாய்ச் செய்தானாம். விஷயம் வெளியே போய்விடக் கூடாது என்று, தண்ணீர் கொண்டுபோகிற டாங்கி செய்கிறோம் என்றே வேலையாட்களிடம் சொல்லி வைத்தார்கள். பொய்க்கு வைத்த பேர், ஒட்டிக்கொண்டது.

நம் நாட்டு யுத்த காலத்தில் றோட்டில் இரும்புச் சத்தம் கேட்டால் நானும் நீயும் வாய்க்காலுக்குள் இறங்கிக் குந்திக்கொண்டிருப்போமே, ஞாபகமா? டாங்கிக்குப் பயந்து தண்ணீருக்குள் ஒளித்தோம். அதன் பேரே தண்ணீரில் இருந்து வந்தது என்று அப்போது தெரிந்திருந்தால் நீ வாய்க்காலை விட்டு எழும்பி நின்று விளக்கம் சொல்லியிருப்பாய். நல்ல காலம், தெரியவில்லை.

கை இல்லாத பெனியனுக்கும் இப்போது அந்தப் பேர்தான். நீந்திக் குளிக்கிற தடாகத்தை இங்கிலீசுக்காரர் ஒரு காலம் டாங்க் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் குளிக்கப் போட்ட உடுப்பின் மேல்பாதி மாதிரி இருப்பதால் பெனியனுக்கு அந்தப் பேர் வந்ததாம். நீ கலியாண வீட்டுக்குத் தவிர வேறெங்கும் சட்டை போட்ட ஆளா? ஆயுள் முழுக்க அந்தச் சொல்லை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, அது எங்கே பிறந்தது என்று என்னிடம் கேட்டுத் திரிந்திருக்கிறாய். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு வியாபாரம் படுத்துவிட்டாலும் அந்தச் சொல்லைத்தான் சொல்லுகிறார்களாம். உன் தாங்கி வாதத்துக்கு நடந்ததும் அதுதான்.

சரி, இந்த வயதில் ஒரு சொல்லை ஏன் இப்படித் தோண்டினோம் என்று கேட்கிறாயா? உன் பேரில் ஒரு டாங்கி வைத்தோம், மச்சான்.

சுபைதா இத்தாவில் இருந்தாள். புருஷன் போனவள் குறித்த காலம் வரைக்கும் வாசற்படி தாண்டக் கூடாதே. அவள் அறைக்குள் இருந்தபடி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்: இவர் பேரில் ஒரு சதக்கா ஜாரியா செய்ய வேண்டும், நன்மை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு தர்மம். தண்ணீரை விட நல்லது என்ன? ஒரு டாங்கி வாங்கிப் பள்ளிவாசலுக்குக் கொடுப்போம், தொழ முன்னம் கை கால் கழுவி வுழுச் செய்கிறவர்கள் எல்லாரும் இவருக்கு துஆக் கேட்பார்கள் என்றாள்.

நான் வேறு மாதிரிச் சொன்னேன். பள்ளிவாசல் கூரையில் இப்போதே மௌத்தானவர்களின் டாங்கிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. உன்னுடையதை அதில் எந்த மூலையில் ஏற்றுவது? கண்டத்தில் குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. காரைதீவில் இருந்து களை பிடுங்க வருகிற தமிழ்ப் பெண்கள், பூச்சிக்கு எண்ணெய் அடித்த வயலில் இருந்து வழிந்து வருகிற வாய்க்கால் தண்ணீரைத்தான் அள்ளிக் குடிக்கிறார்கள். நீ மோட்டர் சைக்கிளை நிறுத்தி நிறுத்தி அவர்களை ஏசியது எனக்குத் தெரியும். ஏசினாயே தவிர நல்ல தண்ணீர் கொடுக்க உன்னால் முடியவில்லை. அதனால் டாங்கி வயலுக்குத்தான் என்றேன்.

சுபைதாவுக்கு அது பிடிக்கவில்லை. கூடப்பிறந்த மூத்த காக்கா என்றும் பாராமல் என்னைப் பிடித்துக்கொண்டாள். "வயலுக்குள்ள வெச்சா அங்க ஆரு காக்கா இவருக்கு துஆக் கேக்கிற? கொக்கா?"

"கொக்கும் அல்லாஹ்ட படைப்புத்தானே புள்ள."

"பகிடி விடாதீங்க. இவர்ர கபுறு குளிரணும் எனக்கு."

அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை. மௌலவியிடம் போய்க் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. தாகித்தவன் எவன் குடித்தாலும், மாடு வந்து குடித்தாலும் கொடுத்தவருக்கு நன்மைதான் என்றார். வந்து சொன்னேன். அவள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். உன் பேரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். றோட்டால் போகிறவன் ஓடிக்கொண்டே வாசித்து, ஒரு துஆக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

இனித்தான் கூத்து. மேசனும் பெயிண்டரும் நம் ஊர்ப் பள்ளிவாசல் வேலையே செய்து பழகியவர்கள். ஒரு டாங்கி கட்ட வேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன். அவர்களும் எதற்கு என்று கேட்கவில்லை. டாங்கி என்றால் ஒன்றுதானே அவர்களுக்கு! மேசன் வரிசையாய்த் தாழ்வாக பைப் வைத்தான், ஒவ்வொரு பைப்புக்கும் முன்னால் குந்தியிருந்து கால் கழுவ ஒரு கல் கட்டினான், கழுவின தண்ணீர் ஓடக் கானும் வெட்டினான். பெயிண்டர் பச்சைப் பெயிண்டில் பிறை போட்டு, 'மர்ஹூம் வட்டவிதானை ஆதம்பாவா வக்பு' என்று எழுதினான். நானும் பக்கத்தில் நின்று அழகாய் இருக்கிறது என்று தலையாட்டினேன். பேரை மட்டும் கிட்ட நின்று படம் பிடித்து சுபைதாவுக்குக் காட்டினோம். எழுத்தைத் தடவித் தடவி அழுதாள்.

ஊர்க் குழாய்த் தண்ணீரை மெசினுக்குப் பின்னால் இழுக்கிற பெட்டியில் கொண்டுபோய் டாங்கியில் ஏற்றுவது என் வேலை. ஒரு தரம் ஏற்றினேன். அடுத்த கிழமை இன்னொரு பெட்டி கொண்டுபோனால், ஊற்ற இடம் இல்லை. விரலால் தட்டிப் பார்த்தேன். மேல்வரைக்கும் நிறைந்த டாங்கியின் செத்த சத்தம். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். நம் ஆட்கள் ஓரிருவர் சேற்றுக் காலைக் கழுவியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. நன்மை நிற்காமல் போக வேண்டும் என்றாளே. இங்கே தண்ணீரே நகரவில்லையே. உன் கபுறில் மண் போட்டபோதுகூட நான் அழவில்லை, மச்சான். அன்றைக்கு டாங்கியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெயில் என்று வைத்துக்கொள்.

அப்போதுதான் பார்த்தேன். களை பிடுங்குகிற பெண்கள் டாங்கிக்கு முன்னால் நடந்து போய், வாய்க்காலில் கேனை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். முன்னுக்கு வந்தது பாக்கியம். அந்தக் கூட்டத்தை வேலைக்குக் கூட்டிவருகிறவள் அவள்தான்.

"என்ன பாக்கியம், நல்ல தண்ணி கண்ணுக்கு முன்னால நிக்கக்குள்ள எண்ணெய் அடிச்ச தண்ணியக் குடிக்கிறீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது உங்கட பள்ளித் தண்ணிதானே காக்கா. பிறை போட்டிருக்கு. இருந்து கால் கழுவிப்போட்டுத் தொழக் கல்லும் கட்டியிருக்கு. நாங்க போய்க் கை வெச்சா மரியாதை இல்லையே."

நான் அந்தப் பிறையைத் திரும்பிப் பார்த்தேன். அழகாய் இருக்கிறது என்று தலையாட்டியவன் நான்தானே. அவள் இன்னும் சொன்னாள். ஒரு பைப் சொட்டிக்கொண்டு கிடந்ததாம். பள்ளித் தண்ணீர் வீணாய்ப் போகிறதே என்று, தன் சேலைத் தலைப்பில் கிழித்து அவளே சுற்றிக் கட்டிவிட்டாளாம். போய்ப் பார்த்தேன். கட்டித்தான் இருந்தது. உன் தண்ணீரைக் காப்பாற்றி வைத்துவிட்டு, தாகத்தோடு திரும்பிப் போயிருக்கிறாள்.

சுபைதாவிடம் சொல்ல நடுங்கினேன். "நான் அப்பவே சொன்னன்" என்று தொடங்கினால் மறுமை நாள் வரைக்கும் நிறுத்தமாட்டாளே. அவள் அப்படிச் சொல்லவில்லை. ஒரே ஒன்றுதான் கேட்டாள்: "தாகத்தோடயா போறாங்க, காக்கா?" ஓம் என்றேன். "இத்தா முடியட்டும். முதல் பயணம் அங்கதான்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் தங்கள் தங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவாள் என்று சமைத்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவளோ என் மெசின் பெட்டியில் கதிரை போட்டு, ஜெஸீமாவைப் பிடித்துக்கொண்டு, றோட்டில் போகிற எல்லாரும் பார்க்க வயலுக்கு வந்து இறங்கினாள். நீ இருந்த காலத்தில் கண்டத்துக்கு வா என்று எத்தனை தரம் கூப்பிட்டாய்? சேறு பிடிக்காது என்று சொன்னவள்தானே.

டாங்கிக்கு முன்னால் நின்று உன் பேரை ஒவ்வோர் எழுத்தாய்ப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"சுரண்டுங்க, காக்கா."

"எதை?"

"பேரை."

"நீதானே புள்ள பெரிசா வேணுமெண்ட."

"ஓம். நான்தான். நீங்க சுரண்டுங்க."

கத்தியை எடுத்துச் சுரண்டினேன். வெயிலில் வெந்த பெயிண்ட், மீன் செதில் மாதிரிக் கழன்று விழுந்தது. உன் பேரை என் கையாலேயே அழிப்பேன் என்று எத்தனை நாள் கடையில் உன்னை வெருட்டியிருப்பேன். அழிக்கிறபோது கை வரவில்லை, மச்சான். பிறையும் போனது, வக்பும் போனது. கல்லுகளை அலவாங்கு போட்டு நான் கிளப்பினேன். களை பிடுங்குகிற பெண்கள் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவனுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஜெஸீமா தூரிகையை எடுத்து 'குடிக்கிற தண்ணீர், எல்லாருக்கும்' என்று எழுதினாள்.

சுபைதா கோப்பையில் தண்ணீர் பிடித்து முதலில் தான் குடித்தாள். பிறகு கையைக் காட்டி எல்லாரையும் கூப்பிட்டாள். பாக்கியம்தான் முதலில் வந்தாள். கோப்பையை வாங்கியவள், குடிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆர்ர பேர்ல ராத்தா இந்தத் தண்ணி?"

"என்ட வீட்டுக்காரர்ர பேர்ல. இஞ்ச வட்டவிதானையா இருந்தவர்."

"ஆரு, எங்கள ஏசுற விதானையாரா?" பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்களிடம் திரும்பி, நீ கையை ஆட்டி ஏசுகிற மாதிரியே செய்து காட்டினாள். சுபைதாவும் சிரித்தாள். நீ போனதற்குப் பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

சிரித்து முடிந்ததும் பாக்கியம் கோப்பையைச் சரித்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். அதை மெதுவாய் நிலத்தில் விட்டாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகுதான் குடித்தாள். பின்னால் வந்த பெண்களும் ஒவ்வொருத்தியாய் அப்படியே செய்தார்கள். நீ பெனியனோடு மோட்டர் சைக்கிளை நிறுத்தி நின்று ஏசின அந்த வரம்படி முழுக்க ஈரமாகிவிட்டது.

திரும்பி வருகிறபோது சுபைதா மெசின் பெட்டியில் இருந்து சத்தம் போட்டுக் கேட்டாள். அவர்கள் ஏன் முதலில் நிலத்தில் விட்டார்கள் என்றாள். அது அவர்களுடைய வழக்கம், போனவருக்குத் தாகம் என்று முதலில் அவருக்குக் கொடுக்கிறது என்று சொன்னேன்.

மையவாடி மதிலடியில் வழக்கம்போல மெசினை மெதுவாக்கினேன். பிறகு, "அது இவருக்குச் சேருமா, காக்கா?" என்றாள்.

"நான் அஞ்சாம் வகுப்பு. மௌலவியட்டக் கேளு."

"கேக்கத்தான் வேணும்" என்றாள்.

அது போன போகத்தில் நடந்தது. மௌலவி ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலால்தான் போகிறார். நின்று சுகம் விசாரிக்கிறார். அவர் தொப்பி மதிலுக்கு மேலால் தெரிந்தாலே சுபைதா அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விடுகிறாள். அடுப்பில் ஒன்றும் இருப்பதில்லை. இன்றைக்கு வரைக்கும் அவள் கேட்கவில்லை. நானும் அதை ஞாபகப்படுத்தவில்லை. நீயே சொல், அந்தத் தண்ணீர் உனக்குக் கிடைத்ததா?

டாங்கி இப்போது கிழமைக்கு ஒரு தரம் காலியாகிறது. என் மெசினுக்கும் எனக்கும் மூச்சு வாங்குகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் ஏற்றிவிடுகிறேன். ஒரு வில்லங்கம் மட்டும் உண்டு. பேரைச் சுரண்டிவிட்டோம் அல்லவா? தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறவனைத்தான் எல்லாருக்கும் தெரிகிறது. அந்தக் கண்டம் முழுக்க இப்போது அதற்கு 'மெசின் காக்காட டாங்கி' என்றுதான் பேர். சுபைதாவுக்குக் கேட்டுவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு போடவில்லை.

அதனால் அவளுக்கு முன்னாலும் உனக்கு முன்னாலும் வாக்குத் தருகிறேன். என் கை ஸ்டியரிங்கைப் பிடிக்கிற வரைக்கும் அந்த டாங்கி வற்றாது. அங்கே குடிக்கிற ஒவ்வொருத்தரிடமும் இது ஆதம்பாவா விதானையார் தந்த தண்ணீர் என்று என் வாயாலேயே சொல்லுவேன். புதிதாய் வேலைக்கு வருகிற ஆட்களிடம் மட்டும் ஒரு நாள் பிந்திச் சொல்லுவேன். சுமக்கிறவனுக்கு அந்த ஒரு நாளாவது வேண்டாமா, மச்சான்?

நன்மை உனக்கு, பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்ட
உன் பெண்சாதியின் காக்கா,
இபுறாலெவ்வை